வசதி வருமுன்னே வரும் எடை

சென்னையில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள 18,955 பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் அளந்து பார்த்தார்கள். ‘ஆரஞ்ச்’ எனப்பட்ட அந்த ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளியாயின. உலக அளவில் பயன்படும் ஓர் அளவுகோலின்படி, தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4 விழுக்காட்டினருக்கு எடை மிகுந்திருந்தது அல்லது பருமன் இருந்தது. அரசுப் பள்ளிகளில் அந்த விகிதம் 3.6. ஒரே நகரம், ஒரே வெயில், பெரும்பாலும் ஒரே அரிசிச் சோறு. இருந்தும் ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாடு. இதைப் படித்ததும் ‘பருமன் பணக்கார வீட்டு நோய்’ என்று முடிவுகட்டத் தோன்றும். இங்கிலாந்தின் கணக்கு இதைத் தலைகீழாக்குகிறது. அங்கே 2005-06 முதல் ஆண்டுதோறும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அளக்கிறார்கள். 10, 11 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால், மிக வறிய பகுதிகளில் பருமன், மிக வசதியான பகுதிகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பணம் இங்கே பருக்க வைக்கிறது, அங்கே மெலிய வைக்கிறது என்றால், பணம் என்பது உண்மையில் என்ன வேலை செய்கிறது? என் பதில் இதுதான்: வருமானம் நேராகப் பிள்ளையின் உடம்பில் போய்ச் சேர்வதில்லை. பிள்ளையின் ஒரு நாள் எப்படி அமைகிறது என்பதை அது மாற்றுகிறது. பள்ளிக்கு எப்படிப் போகிறது, மதியம் தட்டில் என்ன விழும் என்பதை யார் முடிவு செய்கிறார், சாயங்காலம் கால்களுக்கு என்ன வேலை, கையில் எத்தனை ரூபாய் இருக்கிறது, அதற்குக் கடையில் என்ன கிடைக்கிறது ஆகியவைதாம் எடையைத் தீர்மானிக்கின்றன. கடலூர் மாவட்டத்தின் புவனகிரி போன்ற சிறு நகரங்களில், வீட்டுக்கு வசதி வந்து சேர்வதற்கு முன்பே இந்த அமைப்பு மாறிக்கொண்டிருக்கிறது. கவலை அங்கேதான் இருக்கிறது.

சென்னைக் கணக்கை வெள்ளாற்றங்கரைப் புவனகிரிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. புவனகிரி ஒரு பேரூர். சுற்றிலும் நெல்லும், சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் விளையும் கிராமங்கள். கூப்பிடு தூரத்தில் என்று சொல்லும்படி சிதம்பரம். கூலி வேலைக்குப் போகும் குடும்பமும், அரசு ஊழியர் குடும்பமும், வெளிநாட்டுச் சம்பளம் வரும் குடும்பமும் ஒரே தெருவில் இருக்கக்கூடிய ஊர் இது. இந்த வட்டாரத்துக்குப் பசியைப் பற்றிய நினைவு நீளமானது. இங்குள்ள மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அணையா அடுப்பு ஏற்றினார் என்றால், பசி அன்று எவ்வளவு கண்கூடாக இருந்திருக்க வேண்டும்! அண்மைக் காலத்தில் 2004 சுனாமி, 2011 டிசம்பரின் தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் மாவட்டம் ஒன்றன்பின் ஒன்றாக அடி வாங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் கொழுகொழு என்றிருக்கும் குழந்தை, அந்த வீட்டுக்கு நல்ல காலம் வந்ததன் அடையாளம். ‘பிள்ளை பூசினாப்போல இருக்கு’ என்பது இங்கே பாராட்டு. இதை அறியாமை என்று ஒதுக்குவது சரியாகாது. இல்லாமையைத் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள், சதைப்பிடிப்பை ஒரு காப்பீடாக நினைத்தார்கள்; அம்மையும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைக் கொண்டுபோன காலத்தில் அந்த நினைப்பில் நியாயமும் இருந்தது. நியாயம் பழையதாகிவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

ஏழ்மைக்கும் பருமனுக்கும் உள்ள உறவு நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதை ஜெஃப்ரி சோபல், ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் ஆகிய இருவரும் 1989இலேயே தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். 144 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வளரும் நாடுகளில் ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி வசதி கூடக்கூடப் பருமனும் கூடியது. வளர்ந்த நாடுகளில் பெண்களிடம் இது தலைகீழாக இருந்தது. இந்தத் திருப்பம் எப்படி நடக்கிறது என்பதை லிண்ட்சே ஜாக்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019இல் படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் வசதியான வீட்டுப் பெண்கள் பருக்கிறார்கள், குழந்தைகளிடம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்த படியில் பெரியவர்கள் எல்லோரிடமும் எடை பெருகும், குழந்தைகளிடமும் எட்டிப் பார்க்கும், ஏழை பணக்காரர் இடைவெளி குறையத் தொடங்கும். மூன்றாவது படியில் சுமை ஏழைகள் பக்கம் சாய்ந்துவிடும். தமிழ்நாடு எந்தப் படியில் நிற்கிறது? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 2015-16இல் எடை மிகுந்த பெண்கள் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37.0. நாட்டுச் சராசரியோ பெண்களுக்கு 24.0தான். பத்தில் நான்கு பெண்கள் என்னும்போது அவர்கள் எல்லோரும் பணக்காரர்களாக இருக்க வழியில்லை. எடை ஏற்கெனவே கூலிக்காரர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பெரியவர்கள் முன்னே போகிறார்கள், பிள்ளைகள் பின்னே வருகிறார்கள் என்பது மற்ற நாடுகளின் அனுபவம். ஆகவே அரசுப் பள்ளியின் 3.6 விழுக்காட்டைப் பார்த்து ஆறுதல் அடைவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் நிழற்படத்தைப் பார்த்து அது நிற்கிறது என்று நம்புவதாகும்.

முதலில் வசதியான வீட்டின் பக்கம். சென்னையில் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் 13 முதல் 18 வயதுக்குட்பட்ட சுமார் 4,700 மாணவர்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவில், பையன்களில் 17.8 விழுக்காட்டினரும் பெண்பிள்ளைகளில் 15.8 விழுக்காட்டினரும் அதிக எடையோடு இருந்தார்கள். வயது ஏற ஏற அது கூடியது. உடலுழைப்பு குறைந்தவர்களிடமும், சமூகப் பொருளாதார நிலையில் மேலே இருந்தவர்களிடமும் மிகுந்திருந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாசலுக்கு வேன் வருகிறது. பள்ளி முடிந்ததும் டியூஷன். டியூஷன் முடிந்தால் இருட்டிவிடும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதைப் பெற்றோர்களே நல்ல பள்ளிக்கான அடையாளமாகப் பார்க்கிறார்கள். வீட்டில் குளிர்பதனப்பெட்டி இருக்கிறது, அதனுள் எப்போதும் இனிப்பு ஏதாவது இருக்கிறது. பிள்ளையின் நாளிலிருந்து நடையை எடுத்துவிட்டு, தீனியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. இந்தப் பட்டியலில் விலை உயர்ந்தது எது என்று பாருங்கள். வேனும் டியூஷனும் இப்போது கடன் வாங்கியாவது எல்லோரும் கட்டுகிற செலவுகள். தின்பண்டமோ விலை குறைந்துகொண்டே வருகிறது. அதாவது வசதியின் நன்மைகளான நல்ல மருத்துவம், பழம், பருப்பு, விளையாட்டுப் பயிற்சி ஆகியவை மெதுவாகத்தான் கீழே இறங்குகின்றன. அதன் தீமைகள் விரைந்து இறங்குகின்றன.

அந்த விரைவுக்கு ஒரு காரணம் சிறு பொட்டணம். அதன் கதையில் கடலூருக்கு நேரடிப் பங்குண்டு. சிறு சிறு பொட்டணங்களில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடியாகப் பேசப்படுபவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பணக்காரர் பயன்படுத்தும் பொருளைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் தங்கள் கையிலுள்ள சில்லறைக்கு வாங்க முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதில் மனிதநேயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அவர் மகன் சி.கே. ரங்கநாதனின் ‘சிக்’ ஷாம்பு அந்த எண்ணத்தை நாடெங்கும் கொண்டுபோனது. ஷாம்பு விஷயத்தில் இது நல்லதாகவே முடிந்தது. ஆனால் அதே முறை எண்ணெயிலும் உப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய தின்பண்டத்துக்கு வந்தபோது, 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் ஒவ்வொரு கிராமத்துப் பெட்டிக்கடைக்கும் போய்ச் சேர்ந்தன. குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கான செலவு 2011-12இல் மொத்தச் செலவில் 7.90 விழுக்காடாக இருந்து 2022-23இல் 9.62 விழுக்காடாகியது. அதே 2022-23இல் தானியத்துக்கான செலவோ 4.91 விழுக்காடுதான். பானங்கள், சிற்றுண்டி என்ற தலைப்பில் டீயும் ஓட்டல் சாப்பாடும் அடங்கும். தானியச் செலவு குறைவாக இருப்பதில் ரேஷனுக்கும் பங்குண்டு. அப்படியே இருந்தாலும், ஒரு கிராமத்துக் குடும்பம் அரிசி கோதுமைக்குச் செலவிடுவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கை இவற்றுக்குச் செலவிடுகிறது என்பது சாதாரண மாற்றமன்று.

ஆலையில் ஆன தின்பண்டத்துக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. அவர்கள் பெரியவர்கள், சோதனையும் சிறியது. ஆனாலும் ‘வயிறு நிறைந்தால் பிள்ளை தானே நிறுத்திவிடும்’ என்று நாம் நம்பியிருப்பதை அது அசைத்துப் பார்க்கிறது. வாய் சலிக்கும் முன்பே கரைந்து இறங்கும்படி செய்த பண்டம், வயிறு கொடுக்கும் அறிவிப்பை முந்திக்கொள்கிறது. வீட்டுச் சமையலையும் பாருங்கள்: தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பாமாயில் மலிவு விலையில் கிடைக்கிறது. இவை பசியைத் துரத்தின என்பதில் எனக்கு ஐயமில்லை; அதற்காகத் தமிழ்நாடு பெருமைப்படலாம். ஆனால் மாவும் எண்ணெயும் மலிவாகவும், காயும் பழமும் மீனும் விலையேறியும் இருக்கும் சந்தையில், கூலி கொஞ்சம் கூடிய வீடு முதலில் எதைக் கூடுதலாக வாங்கும்? மலிவானதைத்தான். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை பக்கத்திலேயே இருந்தும் மீன் விலை கட்டாத வீடுகள் இந்த வட்டாரத்தில் உண்டு.

இப்போது சென்னை ஆய்வின் 3.6 விழுக்காட்டுக்குத் திரும்பலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் காத்தது எது? அதில் ஒரு பகுதி வெறும் பற்றாக்குறை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போதிய சாப்பாடு இல்லாததால் மெலிந்திருப்பது பாதுகாப்பாகாது. ஆனால் மற்றொரு பகுதி அந்தப் பிள்ளையின் நாள் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, அதனால் நடை. மதியம் சுடச்சுட ஒரு தட்டுச் சத்துணவு. அதில் முட்டை, முட்டை சாப்பிடாதவர்க்கு வாழைப்பழம், சில நாள் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு. மதிய உணவு வயிற்றை நிறைத்துவிடுவதால் நொறுக்குத்தீனிக்கான இடம் குறைகிறது. பல பள்ளிகளில் திறந்த மைதானம். இவை ஏழ்மையின் குணங்கள் அல்ல, அரசுப் பள்ளி என்ற அமைப்பின் குணங்கள். இந்த வேறுபாட்டை நாம் கவனிக்காமல் விட்டதால்தான் ஒரு பெரிய ஆபத்து கண்ணில் படவில்லை. புவனகிரியைச் சுற்றியுள்ள கிராமத்தில் ஒரு தாய் தகப்பன், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பிள்ளையை ஆங்கிலவழி மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்க்கிறார்கள். வேறு சிலர் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்க்கிறார்கள். வருமானம் பழைய வருமானம்தான். ஆனால் அன்றைக்கே அந்தப் பிள்ளை சத்துணவை இழக்கிறது, ஏனென்றால் அது அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் மட்டும் உரியது. நடையை இழக்கிறது, வேன் வந்துவிட்டது. டப்பாவில் காலையில் அவசரமாகக் கட்டிய எலுமிச்சைச் சோறோ தக்காளிச் சோறோ போகிறது. வேலைக்குப் போகும் தாய்க்கு அதற்குத்தான் நேரம். கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட், ஏனென்றால் பக்கத்துப் பிள்ளையும் கொண்டுவருகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் நாள் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வந்துவிட்டது. பணக்கார வீட்டின் பழமும் மருத்துவரும் வரவில்லை. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கல்வியால் மேலே போக வேண்டும் என்பது தமிழ்நாட்டின் மிகச் சிறந்த வெறிகளில் ஒன்று. மேலே ஏறும் படியிலேயே இந்தச் சறுக்கல் இருப்பதுதான் வேதனை.

இது வெறும் உடனிகழ்வுதானே, காரணம் என்று எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வி நியாயமானது. தனியார் பள்ளிக்குப் போகும் குடும்பமும் அரசுப் பள்ளிக்குப் போகும் குடும்பமும் நூறு வகையில் வேறுபட்டவை. பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒரு பாதியைப் பணக்காரராக்கிப் பார்க்கும் சோதனை நடக்காது. ஆனால் அதற்கு நெருங்கிய ஒன்று அமெரிக்காவில் தானாகவே நடந்தது. வட கரோலினாவில் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் 1990களின் பிற்பகுதியில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. லாபத்தில் ஒரு பங்கு அப்பழங்குடியின் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பகிர்ந்தளிக்கப்பட்டது, சுமார் 4,000 டாலர். யாரும் உழைத்துச் சம்பாதித்ததன்று, யாரும் விண்ணப்பித்ததுமன்று. ஆகவே இங்கே பணம்தான் காரணம், குடும்பத்தின் திறமை காரணமன்று என்று சொல்ல முடியும். ரண்டால் அகீயும் பிறரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதலிலேயே வறுமையில் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பணம் வந்தபின் உடல் நிறை எண் கூடியது. ஓரளவு வசதியோடு இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறைந்தது. ஒரே தொகை, எதிரெதிர் விளைவு. அடித்தளத்தில் இருக்கும் வீட்டுக்கு முதலில் வரும் கூடுதல் ரூபாய் கலோரியாகிறது; அதற்குமேல் வரும் ரூபாய்தான் தெரிவாகிறது. சென்னைக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நாம் பார்த்த முரண்பாடு இந்த ஒரே ஊருக்குள் அடங்கியிருக்கிறது.

மரபணுவைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ‘எங்கள் வம்சமே அப்படி’ என்று வீட்டில் சொல்வதற்கு அறிவியல் ஆதரவு உண்டு. மேலே சொன்ன ஸ்டங்கார்டே 1986இல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து, அவர்களுடைய எடை பெற்றோரின் எடையோடு ஒத்துப்போவதையும், வளர்த்தவர்களின் எடையோடு ஒத்துப்போகாததையும் காட்டினார். ஆனால் ஐந்தாண்டில் தமிழ்நாட்டுப் பெண்களின் மரபணு மாறிவிடவில்லை, மாறியது 30.9, 40.4 என்ற எண்தான். யார் முதலில் பருப்பார் என்பதில் மரபணு பேசுகிறது. எத்தனை பேர் பருப்பார் என்பதில் சூழல் பேசுகிறது. நம் பிள்ளைகள் விஷயத்தில் இதைவிட முக்கியமான உடற்கூறு ஒன்று இருக்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சி.எஸ். யாஜ்னிக், அந்தப் பகுதிக் கிராமக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். பிறக்கும்போது சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையும் வயிற்றுப் பகுதி உறுப்புகளும் நம் குழந்தைகளுக்குக் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்தும் கொழுத்தும் இருக்கும் குழந்தை. கருவில் பற்றாக்குறைக்குப் பழகிய அந்த உடம்பு, பின்னால் தாராளம் வரும்போது சர்க்கரை நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிறது. பெரியவர்களில் நீரிழிவு நாட்டில் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழை வீட்டில் எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குப் பத்து வயதில் ஏறும் ஐந்து கிலோவும், நல்ல எடையோடு பிறந்த பிள்ளைக்கு ஏறும் ஐந்து கிலோவும் ஒன்றல்ல. பருமன் ஏழைகள் பக்கம் திரும்புமானால், அதைத் தாங்கும் வலு குறைந்த உடம்புகளை நோக்கித்தான் திரும்புகிறது.

இதற்கெல்லாம் மேலான ஆட்சேபம், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கும்போது பருமனைப் பற்றிப் பேசலாமா என்பது. அந்தக் கால் பங்குக் குழந்தைகளை ஒரு நிமிடம்கூட மறக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குட்டையாய் நிற்பதும் பின்னால் பருப்பதும் எதிரெதிர் நோய்கள் அல்ல. இரண்டும் ஒரே அடுப்படியிலிருந்து வருகின்றன: மாவுச்சத்து போதும்போதும் என்றிருந்து, புரதமும் இரும்பும் மற்ற நுண்சத்துகளும் இல்லாத சாப்பாடு. அந்தக் குறையை நீக்கும் முட்டையும் பயறும் கீரையும்தான் பின்னால் வரும் பருமனையும் தடுக்கின்றன. 2025இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் பருமன் உள்ளோர் 9.4 விழுக்காடு, எடை குறைந்தோர் 9.2, முதன்முறையாக இந்தத் தட்டு மாறியிருக்கிறது. தெற்காசியாவில் இன்னும் மாறவில்லை. மாறாமலிருக்கும் இந்தக் காலம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

பெற்றோர் கண்டித்து வளர்த்தால் போதாதா என்பார்கள். காலை ஆறு மணிக்கு வயலுக்கோ தையல் கூடத்துக்கோ கடைக்கோ போகும் தாய், பள்ளி வாசலில் நின்று கண்டிக்க முடியாது. அதனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கின்றன. பேருந்து நிறுத்தமும் பள்ளியும் கடைவீதியும் ஒட்டிக்கிடக்கும் நம் சிற்றூர்களில் இந்த 50 மீட்டரை யார் அளப்பது என்று தெரியாமல் விதி தாளிலேயே நிற்கிறது. விலை இன்னும் வலுவான கருவி. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. அது சரியான முடிவு. ஆனால் அதே நாளில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18இலிருந்து 5 விழுக்காடாகவும், மிக்சர் போன்ற நொறுக்குகளுக்கு 12இலிருந்து 5 விழுக்காடாகவும் வரி குறைந்தது. ஏழை வீட்டுச் சுமை குறைய வேண்டும் என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன். தின்பண்டத்தின் மீதான வரிகள் ஏழைகளைத்தான் அதிகம் உறுத்தும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆயினும் சர்க்கரை நோய் வந்தபின் வாழ்நாளெல்லாம் ஆகும் மருந்துச் செலவும், காலில் ஆறாத புண்ணும், இழக்கும் கூலி நாட்களும் எந்த வரியையும்விடக் கொடிய வரி. தின்பண்டத்தில் வசூலாகும் பணத்தை அதே பிள்ளைகளின் தட்டுக்கு முட்டையாகவும் பழமாகவும் திருப்பினால் அந்த வாதத்துக்கும் பதில் கிடைத்துவிடும்.

தட்டு என்று வந்தால் தமிழ்நாடு யாருக்கும் பின்தங்கியதில்லை. காமராசர் 1956இல் தொடங்கிவைத்த மதிய உணவை, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 முதல் சத்துணவாக விரித்தார். 1984இல் அது 15 வயது வரை நீண்டது. 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. இவையெல்லாம் பசியை மனத்தில் வைத்துச் செய்தவை. பருமனைத் தடுக்கவும் இதைவிடப் பெரிய கருவி நம்மிடம் இல்லை என்பதுதான் என் வாதத்தின் முடிவு. ஆனால் அந்தக் கண்ணோடு பார்த்தால் அதன் எல்லைகள் தவறான இடத்தில் விழுந்திருப்பது தெரியும். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அரசு மிதிவண்டி கொடுக்கிறது, அது நல்லது. ஆனால் அதே வயதில்தான் பிள்ளை நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்கிறது, பொதுத்தேர்வுக்காக விளையாட்டு நிற்கிறது, கையில் காசு புழங்குகிறது. வயது ஏற ஏற எடை கூடியது என்று 2002ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வு காட்டியதும் இந்தப் பதின்பருவத்தைத்தான். பத்தாம் வகுப்பு வரை தட்டில் விழுந்த முட்டை, மேல்நிலை வகுப்புகளுக்கும் தொடர வேண்டும். அரசு தன் செலவில் 25 விழுக்காட்டு இடங்களில் தனியார் பள்ளிக்கு அனுப்பும் பிள்ளைகளுக்கு, கட்டணத்தோடு மதிய உணவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சமையலுக்கு ஆளும் கொட்டகையும் ஒன்றியத்துக்கு ஒன்றியம் ஏற்கெனவே இருக்கின்றன. சத்துணவு மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்குச் சோறும் முட்டையும் கொண்டுபோவதற்குத் தேவைப்படுவது ஓர் அரசாணையும் ஒரு மூன்று சக்கர வண்டியும்தான்.